பிரைஸ் அம்மாள் மலையில் ஒன்பது பசுக்கள்

கரமனை,
திருவனந்தபுரம்,
25-7-1974.

அன்புள்ள மகன் கோமதிநாயகத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் லீலாவும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு ஏற்றும்போது ஒரு மனு போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கர்க்கடக மாத மழை பிடித்தால் விடமாட்டேன் என்று பெய்கிறது, துவைத்த துணி மூன்று நாளாக அடுக்களைக் கொடியில் தொங்குகிறது, உன் அப்பாவின் வேட்டியில் சாம்பார் வாசனை வருகிறது, அதையே கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போகிறார். கணுக்கால் வீக்கம் குறைந்துவிட்டது. நீ எழுதிய மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், நான் பக்கத்தில் நின்று பார்த்தால். மற்றபடி எல்லாரும் சௌக்கியம். நீ கேட்டிருந்த படமும் சௌக்கியம். பத்திரமாக இருக்கிறது. முன்னைவிடக் கனமாகக்கூட இருக்கிறது. அதைப்பற்றித்தான் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டியிருக்கிறது, நீ சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

போன மாதம் உன் கடிதம் வந்தது. உன்னிடம் வைத்தியம் பார்த்துக்கொள்கிற வெல்ஷ்காரி பிரைஸ் அம்மாள் ஊர்ப்பக்கம் செப்டம்பரில் படக் கண்காட்சி வைக்கிறார்கள், அணைக்குள் போன கிராமங்களின் படங்களையெல்லாம் சேகரிக்கிறார்கள், அவளுடைய ஊருக்கு இருக்கும் ஒரே படம் நம் வீட்டில் இருப்பதுதான், அதனால் லீலாவின் அண்ணன் ஆகஸ்ட் இருபதாம் தேதி விமானம் ஏறும்போது கொடுத்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை உன் அப்பா சத்தமாகப் படித்தார், நான் கேட்டேன், பிறகு இரண்டு பேரும் சுவரைப் பார்த்தோம், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அன்றைக்குக் காப்பி ஆறிப்போயிற்று. ஏன் என்று சொல்கிறேன். நடுவில் கோபப்படாதே, கோபத்தையெல்லாம் சேர்த்துவைத்துக் கடைசியில் பட்டுக்கொள்.

போன வருஷம் லீவுக்கு வந்தபோது அந்தப் படத்தை நீயே ஆணி அடித்து மாட்டினாய். வைத்தியம் பார்த்ததற்காக பிரைஸ் அம்மாள் கொடுத்தது, அவளுடைய செத்துப்போன அண்ணன் வரைந்தது, அவள் ஊர் மலையும் பள்ளத்தாக்கும் என்று மட்டும்தான் சொன்னாய். நான் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு மலை, சாம்பல் நிறத்தில் வானம், கீழே சின்னதாக ஒரு கல் கோவில், அவர்கள் ஏசு கோவில், நாலைந்து வீடு, ஓர் ஓடை. ஒரு மனுஷன் இல்லை, ஒரு நாய் இல்லை, கொடியில் ஒரு துணிகூட இல்லை. விழிஞ்ஞத்திலிருந்து மீன் கொண்டுவருகிற ஞானபாய் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்றே பார்த்தாள். “படமெல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆளெல்லாம் எங்க போச்சு?” என்று கேட்டாள். பால்காரர் இது நம் மலைப்பக்கத்துக் கல்லாறு என்றார். உன் அப்பா பூதப்பாண்டிக்காரர் அல்லவா, இது எங்கள் ஊர் தாடகை மலையேதான், வெள்ளைக்காரன் எங்கேயோ பார்த்துக் காப்பி அடித்திருக்கிறான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சாதித்தார். அதுவரைக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

கார்த்திகை மாதம் நீ எழுதினாய் பார், அந்தப் பள்ளத்தாக்கையே அணை கட்டி முக்கிவிட்டார்கள், எங்கேயோ தூரத்து இங்கிலீஷ் பட்டணத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக, ஊர்க்காரர்கள் கொடி பிடித்துக் கோஷம் போட்டும் யாரும் கேட்கவில்லை, படத்தில் இருக்கிற கோவில் வீடு எல்லாம் இப்போது தண்ணீருக்கு அடியில் என்று. அந்தக் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து உன் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மராமத்து ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் டிராப்ட்ஸ்மேனாக அணைக்கும் வாய்க்காலுக்கும் படம் வரைந்த கை. ஒரு பள்ளத்தாக்கைப் பார்த்தால் அணை நிரம்பித் தண்ணீர் எந்த மட்டத்தில் வந்து நிற்கும் என்று கோடு போட்டுப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. நாலு நாள் படத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் நான் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வருவதற்குள் முக்காலியில் ஏறி, ஸ்கேல் வைத்து, டூ எச் பென்சிலால் படத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நேராக ஒரு கோடு இழுத்துவிட்டார். கோவில் ஜன்னலுக்குக் கீழே போகிறது கோடு. ஓரத்தில் அழகான எழுத்தில் எஃப்.ஆர்.எல். என்று வேறு எழுதியிருந்தார், அதுதான் அவர்கள் ஆபீசில் நீர்மட்டத்துக்குப் பெயராம். அதோடு நின்றாரா? கீழ் மூலையில் ‘வரைந்தவர்’ என்று போட்டுத் தன் கையெழுத்து, தேதி. பக்கத்தில் ‘சரிபார்த்தவர்’ என்று எழுதி ஓர் இடம் காலி. சரிபார்த்தவர் கையெழுத்து இல்லாமல் ஒரு படமும் ஆபீசை விட்டு வெளியே போகாது என்று பென்சிலை என்னிடம் நீட்டினார். நானும் பிரசாதத்தைக் கீழே வைத்துவிட்டு, சிவகாமி என்று போட்டுக் கொடுத்தேன். அந்த நேரத்தில் அது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை, அவ்வளவு பொறுப்பாகக் கேட்டார். ஆகையால் அப்பாவை மட்டும் திட்டாதே.

சாயங்காலம் அடுத்த தெரு பஞ்சாபகேசன் சார் வந்தார். உனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர்தான், ரிட்டயர் ஆகியும் எங்கே தப்பு என்று பார்க்கும் கண் ரிட்டயர் ஆகவில்லை. செருப்பைக் கழற்றும்போதே, “என்ன பூதலிங்கம், மலைக்குப் பூணூல் போட்டு வச்சிருக்கேள்?” என்று கேட்டுவிட்டார். அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. உடனே அப்பா ரப்பரை எடுத்தார். அது போகிற கோடா? பென்சில் முனை பெயின்டை உழுதுகொண்டு போயிருக்கிறது. ரொட்டித் துண்டால் தேய்த்தால் பென்சில் போகும் என்று சார் சொன்னார். நம் வீட்டில் ரொட்டிக்கு எங்கே போவது? காலையில் மிஞ்சிய இட்லி இரண்டு இருந்தது. நான் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன், இட்லி யோசனை என்னுடையது. தேய்த்த வேகத்தில் இட்லி முழுக்க அந்தக் கோட்டுப் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கிட்டே போனால்தான் தெரிந்த கோடு, இப்போது பளபளவென்று வெள்ளையாகத் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிந்தது. இரண்டு நாளில் எறும்பு வேறு, வெல்ஷ் மலையில் வரிசையாக நடந்துபோயிற்று.

வேறு வழியில்லாமல் படத்தைச் சேலையில் சுற்றி ரிக்‌ஷாவில் வைத்துப் பழவங்காடியில் பிரேம் போடுகிற சத்தியதாஸ் கடைக்குக் கொண்டுபோனேன். முருகனுக்கும் லட்சுமிக்கும் வெல்வெட் ஒட்டி, ஜரிகை வைத்து, கல் பதித்துக் கொடுப்பான், ஏசுநாதருக்கும் அதே ஜரிகைதான், வித்தியாசம் பார்க்க மாட்டான். எறும்பைத் தட்டிவிட்டுப் பார்த்தான். “அம்மே, பேடிக்கண்டாம், பயமே வேண்டாம். ரெண்டு பசுவ நிறுத்தினா கோடு மறஞ்சு போவும். படமும் ஐஸ்வர்யமா இருக்கும்” என்றான். நானும் சரி என்றேன். இரண்டு பசு என்றுதான் பேச்சு. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒன்பது நிற்கிறது. கோடு நீளம் அம்மே, நான் என்ன செய்யட்டும் என்கிறான். கோடு முழுவதையும் மறைக்க வேண்டுமே, அதனால் ஒன்பதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டிரில்லுக்கு நிற்பதுபோல ஒரே நேர்வரிசை. மூக்கணாங்கயிறு, கழுத்தில் மணி, கொம்புக்குச் சிவப்பும் நீலமும், நெற்றியில் பொட்டு. எங்கள் கையெழுத்து இருந்த மூலையில் ஒரு வைக்கோல் போர். சுற்றிலும் சிவப்பு வெல்வெட், அதன்மேல் கண்ணாடி. புல்லாங்குழலோடு கிருஷ்ணனும் வந்திருப்பார், பிரைஸ் அம்மாள் வேதக்காரி, வேண்டாம் என்று நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். கிருஷ்ணன் இல்லாமல் இத்தனை பசு எதற்கு என்று பார்க்கிறவர்கள் கேட்பார்களே என்று அவனுக்கு இன்றுவரை மனக்குறை.

உண்மையைச் சொன்னால், அதைக் கொண்டுவந்து மாட்டியபோது எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஞானபாய் இப்போது பார்த்துவிட்டு, எல்லாரும் திரும்பி வந்தாச்சு போல என்றாள். ஆறேழு மாதம் நிம்மதியாக இருந்தோம். அப்புறம்தான் உன் கடிதம் வந்தது. ஊரே போய், அண்ணனும் போய், அந்த ஊருக்கென்று மிச்சமிருக்கிற ஒரே படத்தை நம்மை நம்பிக் கொடுத்தவளிடம் இந்த ஒன்பதையும் எப்படிக் காட்டுவது? சத்தியதாஸிடம் பசுவைச் சுரண்ட முடியுமா என்று கேட்டேன். சுரண்டினால் மலையும் கூடவே வந்துவிடும் என்றான். உனக்கு எழுதலாம் என்றால் உன் கோபம் எங்களுக்குத் தெரியும். நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாய், அடுத்த கடிதம் நாலு வரி குறையும், அவ்வளவுதான். அதனால் கடைசியில் அப்பா ஒரு காரியம் செய்தார். படத்தின் பின்பக்கம் பிரைஸ் அம்மாள் விலாசம் இருந்தது. நேராக அவளுக்கே எழுதிவிட்டார். கிழக்கே கோட்டையில் இருக்கிற ஸ்டுடியோக்காரனை வீட்டுக்கு அழைத்து வந்து படத்தைப் போட்டோ எடுத்தோம். போட்டோவில் நிறம் தெரியாதே என்று தனித்தாளில் பசு எண் ஒன்று செவலை, பசு எண் இரண்டு வெள்ளை, வலது கொம்பு நீலம், என்று ஒன்பதுக்கும் அட்டவணை போட்டு இணைத்தார். கோடு போட்டது, இட்லி தேய்த்தது, எறும்பு, எல்லாவற்றையும் ஒளிக்காமல், கீழே கையொப்பமிட்டிருக்கும் நாங்கள் பணிவுடன் தெரிவிப்பது யாதெனில் என்று ஆபீஸ் இங்கிலீஷில் மூன்று பக்கம். உனக்குத் தெரியாமல் செய்தோம். தப்புதான்.

முந்தாநாள் பதில் வந்தது. கவரைப் பிரிப்பதற்கு முன்னால் நான் விளக்கு ஏற்றினேன் என்றால் பார்த்துக்கொள். அப்பா படித்துப் படித்துத் தமிழில் சொன்னார். போட்டோவைப் பார்த்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாளாம். அவர்கள் ஊர் மாடுகள் எல்லாம் கறுப்பாம், ஒரு நாளும் இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லையாம். படம் வரைந்தபோது ஊரில் ஆடு மாடு எல்லாம் விற்றாகிவிட்டது, சனங்களும் போயாகிவிட்டது, அண்ணன் மட்டும் கடைசி ஆளாக இருந்து வரைந்ததாம், அதனால்தான் ஒன்றும் இல்லையாம். அதற்குப் பிறகு அவள் எழுதியிருப்பதை அப்பா இரண்டு தரம் சொன்னார். எங்கள் சனங்களுக்கு ஒரு பழக்கம், ஊர் போனதும் மலையை வரைந்து சுவரில் மாட்டிக்கொண்டு இதுதான் நாங்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். மலை எங்கேயும் போகவில்லை, அது அங்கேயேதான் நிற்கிறது. போனது பதினாலு வீட்டுச் சண்டைக்காரர்களும் அவர்கள் திட்டிக்கொண்ட பாஷையும். அண்ணன் பேரப்பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு மலை அழகு என்கிறார்கள், இங்கிலீஷில். கண்காட்சியில் ஐம்பது மலை தொங்கப்போகிறது, ஐம்பதுக்கு முன்னாலும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழப்போகிறார்கள், ஒரு படத்துக்கு முன்னாலாவது சிரித்துவிட்டுப் போகட்டும், பசுக்களை அப்படியே அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறாள். வெல்வெட்டை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாள். அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், நல்ல வெல்வெட். இருந்தாலும் எடுத்துவிட்டேன்.

கூடவே அப்பாவுக்கென்று ஒரு செய்தி. உங்கள் கோடு சரியில்லை, தண்ணீர் கோவில் கூரைக்கும் மேலே போயிற்று என்று எழுதியிருந்தாள். முப்பத்திரண்டு வருஷம் மட்டம் பார்த்தவருக்கு இதுகூடத் தெரியாதா, என்னை வேறு சரிபார்க்கச் சொன்னீர்களே என்று நான் பிடித்துக்கொண்டேன். அப்பா, “தெரியும். கோயில் முங்கத்தான் செய்யும். இத்தன வருசமும் ஆபீசுல கணக்கா, சரியாத்தான் போட்டேன். எத்தன பேரு வீடு அந்தக் கோட்டுக்குக் கீழ போச்சு. இது ஒண்ணயாவது கொறச்சுப் போடுவோம்னு போட்டேன்” என்றார். நான் இன்னொரு தரம் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம். அப்பா படித்துக்கொண்டே வந்தவர் கடைசிப் பக்கத்தில் ஓர் இடத்தில் நிறுத்தி, விரலைப் பத்து வரி கீழே கொண்டுபோய் அங்கிருந்து படித்தார். எட்டாம் கிளாஸ்வரை படித்தவள்தான் நான், இங்கிலீஷ் தெரியாதுதான், ஆனால் விரல் தாண்டினால் தெரியாதா? அந்தப் பத்து வரி என்ன என்று கேட்டால் மழை பெய்கிறதாம் என்று எழுதியிருக்கிறாள் என்றார். மழைக்குப் பத்து வரியா? மறுநாள் அவர் குளிக்கப் போனபோது கடிதத்தை எடுத்துக்கொண்டு பஞ்சாபகேசன் சாரிடம் போனேன். அவள் எழுதியிருந்ததை அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

உங்கள் மகன் வியாழக்கிழமை தோறும் எனக்கு ரத்த அழுத்தம் பார்க்க வருகிறார். பார்த்து முடித்ததும் அரை மணி நேரம் உட்காருகிறார். நான் என் பாஷையில் பேசுவேன், அவர் அவர் பாஷையில் பேசுவார். எனக்கு அவர் சொல்வது புரியாது, அவருக்கு நான் சொல்வது புரியாது. முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம். எனக்குப் பேச ஆளில்லை. அவரும் வீட்டில் மனைவியோடு ஒரு பாஷை, குழந்தையோடு ஒரு பாஷை, இந்தப் பாஷைக்கு ஆளில்லை என்றார். இப்போது இரண்டு பேருமே ஒரு வாரமும் தவறவிடுவதில்லை. சில நாள் சிரிக்கிறார், சில நாள் யாரையோ கோபமாகத் திட்டுகிறார், சனியன் என்ற பெயர் அடிக்கடி வருகிறது, அவர் உங்கள் உறவினரா என்று கேட்டிருக்கிறாள். சார் அதைப் படித்துவிட்டு அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன், பிறகு நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சார் நல்ல மனுஷர், தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனவர் கொஞ்சம் தாமதித்தே வந்தார்.

கோமதி, நீ எனக்கு எழுதுகிற கடிதம் எட்டு வரி. நலம், வேலை அதிகம், குளிர் அதிகம், லீலா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், குழந்தை வளர்கிறாள். சிவகாமி என்று என் பெயரை வைத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கேமி என்று கூப்பிடுகிறார்களாம், அதுகூட லீலா அவள் அம்மாவுக்கு மலையாளத்தில் எழுதி, அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் குறையாக எழுதவில்லை. உனக்கு அங்கே பேச்சே மறந்துபோயிற்று, சின்ன வயதிலிருந்தே பேசாத பிள்ளை என்று என்னையே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். மறக்கவில்லை போலிருக்கிறது. ஒரு வார்த்தை புரியாத கிழவியிடம் வாராவாரம் அரை மணி நேரம் பேச உன்னிடம் விஷயம் இருக்கிறது. அவளுக்குப் புரியாது என்பதால் அரை மணி நேரம் பேசுகிறாய். எனக்குப் புரியும் என்பதால்தான் எட்டு வரியில் நிறுத்திக்கொள்கிறாயா?

இருபதாம் தேதி லீலாவின் அண்ணனிடம் படத்தைக் கொடுத்துவிடுகிறோம், போர்வையில் சுற்றி மேல் பக்கம் எது என்று அப்பா நாலு இடத்தில் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறார். நீ பிரித்துப் பார்த்துச் சிரித்தாலும் சரி, தலையில் அடித்துக்கொண்டாலும் சரி. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ளாவிட்டாலும் காதுக்குள் குளிர் போகாமல் கட்டிக்கொள். குழந்தையின் உச்சியில் என் சார்பாக ஒரு முத்தம் கொடு. லீலாவைக் கடிந்து பேசாதே. மூன்று பேரும் பல்லாண்டு நோயில்லாமல், பேச்சுத் துணை குறையாமல் இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். அடுத்த வியாழக்கிழமை பிரைஸ் அம்மாள் வீட்டிலிருந்து திரும்பி வந்ததும், அன்றைக்கு அவளிடம் என்னென்ன சொன்னாயோ அதை அப்படியே, யாரைத் திட்டினாய் என்பது உட்பட, ஒரு தாளில் எழுதி எனக்குத் தபாலில் போடு. என்னைத்தான் திட்டினாய் என்றாலும் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா,
சிவகாமியம்மாள்